‘டிஸ்சார்ஜ்’ என்ற ஒரு சொல்லைக் கொண்டு ஓர் அகராதிச் செயலியை அளந்து பார்த்தல்

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய என் சித்தி, மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தம் கைப்பேசியிலிருந்த ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியின் துணையோடு தாமே படித்துவிட முயன்றார். முதல் பக்கத்தில் டிஸ்சார்ஜ் தேதி என்றிருந்ததில் அவருக்குச் சிக்கல் ஏதும் எழவில்லை. அந்தப் பொருளில் அச்சொல் ஏறக்குறையத் தமிழாகவே ஆகிவிட்டது. ஆனால் இரண்டாம் பக்கத்தில், தையல் போட்ட இடத்தைப் பற்றிய குறிப்பில், காயம் நன்றாக இருக்கிறது, டிஸ்சார்ஜ் இல்லை என்று ஒரு வரி இருந்தது. செயலி முதலில் காட்டிய ‘விடுவித்தல்’ என்ற சொல்லை அந்த வரியில் பொருத்திப் பார்த்தவர், “காயத்துலேர்ந்து விடுவிக்கலைன்னு போட்டிருக்கே, அப்படின்னா இன்னும் ஆறலையா?” என்று என்னிடம் கவலையோடு கேட்டார். சீழோ நீரோ கசியவில்லை என்று மருத்துவர் எழுதிய நல்ல செய்தி, அகராதியின் வழியாக வந்தபோது அவரை அன்று முழுவதும் அச்சுறுத்திய செய்தியாகிவிட்டது.

சட்ட ஆவணங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் தமிழாக்குவது என் தொழில் என்பதால், அந்தச் செயலியை என் கைப்பேசியிலும் நிறுவி, இரண்டு மாத காலம் அன்றாட வேலைக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். பல சொற்களைத் தேடினேன் என்றாலும், இந்த மதிப்புரையை டிஸ்சார்ஜ் என்ற ஒரே சொல்லை உரைகல்லாக வைத்தே எழுதுகிறேன். ஓர் அகராதியின் நெஞ்சுரத்தை அறிய அரிய சொற்களைத் தேட வேண்டியதில்லை. எல்லோரும் அறிந்ததாக நினைக்கிற, பல துறைகளில் பல வேடம் பூணுகிற ஒரு சொல்லைத் தேடினாலே போதும். செயலியின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் இயங்கும் செயலிகள் வேறு சிலவும் இருக்கின்றன. நான் சொல்லவரும் குறை அவை அனைத்துக்கும் பொதுவானது.

முதலில், செயலி தருவது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் என்று தேடினால் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட ஒரு வரிசை வருகிறது: விடுவித்தல், வெளியேற்றுதல், விடுதலை, இறக்குதல், சுடுதல், நிறைவேற்றுதல், பணி நீக்கம், கடன் தீர்த்தல், சீழ், மின்னிறக்கம், இன்னும் சில. இவற்றில் தவறான சொல் என்று ஒன்றைக்கூட என்னால் சுட்ட முடியவில்லை; தொகுத்தவர்கள் உழைத்திருக்கிறார்கள் என்பதை மனமாரச் சொல்ல வேண்டும். ஆனால் எந்தச் சொல் எந்தத் துறைக்குரியது என்ற குறிப்பு இல்லை, பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் பிரிவினை இல்லை, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்கூட இல்லை. சரியான சாவிகள் அனைத்தையும் ஒரே பையில் கொட்டி, எது எந்தக் கதவுக்கு என்று சொல்லாமல் கையில் கொடுத்ததைப் போன்றது இது. பொருள் தெரிந்தவருக்கு இந்தப் பட்டியல் நினைவூட்டலாகப் பயன்படும். பொருள் தெரியாதவருக்கு, அதாவது அகராதியை உண்மையில் தேடி வருபவருக்கு, அது பயன்படாது.

இவ்வளவு பொருள்களும் தற்செயலாக ஒரே சொல்லில் வந்து சேர்ந்தவை அல்ல. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் புகுந்த இச்சொல்லின் அடியில் இருப்பது வண்டியைக் குறிக்கும் ‘காரஸ்’ என்ற இலத்தீன் சொல். அச்சொல்லும், இன்றைய பிரான்சுப் பகுதியில் பண்டைக்காலத்தில் வாழ்ந்த ‘கால்’ (Gaul) இனத்தாரின் மொழியிலிருந்து இலத்தீனுக்கு வந்தது. வண்டியில் பாரம் ஏற்றுவது சார்ஜ். ஏற்றிய பாரத்தை இறக்குவது டிஸ்சார்ஜ். நாம் அன்றாடம் பேசும் கார், கார்கோ, கேரியர் ஆகிய சொற்களும் அந்த ஒரே வண்டியிலிருந்து இறங்கியவையே. இந்த ஒரு படிமத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், சிதறிக் கிடப்பதாகத் தோன்றும் பொருள்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கப்பல் சரக்கை இறக்குகிறது, துப்பாக்கி தன்னுள் திணித்த மருந்தை வெடித்து இறக்குகிறது, கடனாளி கடன் பாரத்தை இறக்குகிறார், படைவீரரின் தோளிலிருந்து பணிப் பாரம் இறக்கப்படுகிறது. அகராதி இந்த அடிப்படைப் பொருளை இரண்டே வரிகளில் முதலில் சொல்லியிருந்தால், பின்னால் வரும் நீண்ட பட்டியல் பாதி விளங்கியிருக்கும்.

தமிழில் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், ஆங்கிலம் ஒரே வினையால் சமாளிக்கும் இடங்களில் தமிழ் தனித்தனி வினைகளைக் கேட்கிறது. இறக்கு, விடுவி, கழி, ஆற்று, தீர், வடி, எய் ஆகிய ஒவ்வொன்றும் தனக்குரிய துணைச்சொற்களோடு மட்டுமே சேரும். கடனைத் தீர்க்கலாம், அடைக்கலாம், இறக்க முடியாது. கடமையை ஆற்றலாம், எய்ய முடியாது. ஆகவே ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று செய்ய வேண்டிய முதல் வேலை, எதை, எதிலிருந்து, யார் என்ற மூன்று கேள்விகளை வைத்துச் சொற்களைப் பிரிப்பது. செயலி இந்த வேலையை முழுவதுமாகப் பயனர் தலையில் ஏற்றிவிடுகிறது.

சித்தியின் சம்மரிக்கே திரும்புகிறேன். உடலிலிருந்து வெளிப்படுவதைக் குறிக்க ஆங்கில மருத்துவர் எல்லா இடத்திலும் டிஸ்சார்ஜ் என்றே எழுதுவார். முன்னால் உறுப்பின் பெயரை மட்டும் மாற்றுவார். தமிழர் வழக்கில் உறுப்புக்கு ஒரு சொல் இருக்கிறது. கண்ணில் வருவது பீளை, மூக்கில் வருவது சளி, புண்ணிலிருந்து வடிவது சீழ் அல்லது நிணநீர், காதில் வந்தால் ‘காதில் சீழ் வடிகிறது’ என்கிறோம், பெண்களுக்கு உண்டாவதை வெள்ளைப்படுதல் என்கிறோம். செயலியின் பட்டியலில் சீழ் மட்டுமே இருந்தது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வெள்ளைப்படுதல் பல நேரங்களில் இயல்பானது; நோய்க்குறியாக வேண்டிய அவசியமில்லை. சீழ் என்பதோ தொற்றைச் சுட்டும் சொல். இயல்பான டிஸ்சார்ஜ் என்று எழுதப்பட்ட ஒரு வரியை இந்தச் செயலியின் துணையோடு படிக்கும் பெண் ‘இயல்பான சீழ்’ என்று புரிந்துகொள்ள நேரும். மருத்துவச் சொல்லில் அகராதி செய்யும் பிழை வெறும் மொழிப்பிழையாக நின்றுவிடுவதில்லை என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பப்படுவதற்கு மட்டும் எனக்கு எந்தத் தமிழ்ச் சொல்லும் வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. ‘டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார்’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. செய்தித்தாள்கள் ‘வீடு திரும்பினார்’ என்று அழகாகவே எழுதுகின்றன. விடு என்ற வினையிலிருந்து வீடு என்ற பெயர் பிறந்தது என்று இலக்கணம் சொல்கிறது. துன்பத்திலிருந்து விடுபடுவதையும் வாழும் இல்லத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில், நோயிலிருந்து விடுபட்டவர் வீடு திரும்பினார் என்பதைவிடப் பொருத்தமான தொடர் ஏது?

சட்டத் துறையில் செயலி மேலும் ஆபத்தாகிறது. பட்டியலில் விடுவித்தலும் விடுதலையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. இந்தியக் குற்றவியல் நடைமுறையில் இவை இரண்டு வேறு நிலைகள். குற்றச்சாட்டு வனைவதற்குப் போதிய முகாந்திரம் இல்லையென்று நீதிமன்றம் கருதினால், விசாரணைக்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவரை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. டிஸ்சார்ஜ் என்பது அதுதான். 1973ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தின் 227, 239 ஆகிய பிரிவுகளிலும், இப்போது நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 250, 262 ஆகிய பிரிவுகளிலும் இதைக் காணலாம். விசாரணை நடந்து, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தால் அது விடுதலை. ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல். விடுதலை பெற்றவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தக் காப்பு இல்லை. விடுவிப்பு விடுதலை ஆகாது என்று அச்சட்டமே விளக்கம் சேர்த்திருக்கிறது. நீதிமன்றச் செய்தி எழுதும் தமிழ் நிருபர்கள் ‘விடுவிக்கக் கோரி மனு’ என்றும் ‘விடுதலை செய்து தீர்ப்பு’ என்றும் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் காக்கிறார்கள். செயலியை நம்பி மொழிபெயர்ப்பவர் அதை இழந்துவிடுவார்.

இதே சொல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் கிட்டத்தட்ட எதிர்ப் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ‘அப்சல்யூட் டிஸ்சார்ஜ்’ என்றால், குற்றம் உறுதியானது, ஆயினும் தண்டனை எதுவும் விதிக்காமல் அனுப்புகிறோம் என்று பொருள். இந்தியத் தீர்ப்பில் விசாரணைக்கே இடமில்லாமல் போன நிலை, ஆங்கிலேயத் தீர்ப்பில் குற்றவாளி என்று முடிவான பிறகு வரும் நிலை. இரண்டையும் ‘விடுதலை’ என்று தமிழில் எழுதினால் படிப்பவருக்கு எஞ்சுவது தவறான செய்தி மட்டுமே. ஒரு கைப்பேசி அகராதி இவ்வளவையும் விளக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ‘சட்டம்’ என்ற ஒரு குறியும், ‘விடுதலை’ என்பதன் பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் போதுமாக இருந்திருக்கும்.

என்னை மிகவும் தடுமாற வைத்ததும், பிறகு மிகவும் மகிழ வைத்ததும் கடமை என்ற சொல்லோடு டிஸ்சார்ஜ் சேரும் இடம். ஆங்கிலத்தில் கடமையை டிஸ்சார்ஜ் செய்தல் என்றால் அதைச் செய்து முடித்தல். கடமையிலிருந்து டிஸ்சார்ஜ் செய்தல் என்றால் இனி அதைச் செய்ய வேண்டாம் என்று ஒருவரை அனுப்பிவிடுதல். நடுவில் ஒரு சிறு முன்னிடைச்சொல் வந்து நின்றால் பொருள் தலைகீழாகிறது. பாரம் இறங்குகிறது என்ற படிமத்தில் இரண்டும் ஒன்றுதான்: சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தும் இறக்கலாம், பாதி வழியில் இன்னொருவர் வந்து இறக்கியும் விடலாம். தமிழில் இந்த வேறுபாட்டை வேற்றுமை உருபு பார்த்துக்கொள்கிறது. ‘கடமையை ஆற்றினார்’, ‘கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டார்’ என்று வினையும் மாறிவிடுவதால் குழப்பத்துக்கு இடமே இல்லை. அரசு ஊழியர் தம் பணியை டிஸ்சார்ஜ் செய்வதைத் தடுப்பது என்று தண்டனைச் சட்டம் எழுதுவதை நம் செய்தித்தாள்கள் ‘பணி செய்யவிடாமல் தடுத்ததாக’ என்று எழுதுகின்றன. மொழிபெயர்ப்பு என்றே தெரியாத மொழிபெயர்ப்பு அது. செயலி தந்த ‘நிறைவேற்றுதல்’ என்ற சொல்லை வைத்து அந்தத் தொடரை எழுதிப் பார்த்தேன். பிழை இல்லை, உயிரும் இல்லை.

கடன் என்ற தமிழ்ச் சொல்லை இங்கே சொல்லாமல் கடக்க முடியவில்லை. சங்கப் பாடல்களில் கடன் என்பது கடமை. இன்று கொடுக்கல் வாங்கலில் கடன் என்பது திருப்பித் தர வேண்டிய பணம். ஆங்கிலச் சொல் கடமையையும் கடனையும் ஒரே வினையால் இறக்குகிறதென்றால், தமிழ் அவ்விரு பாரங்களுக்கும் ஒரே பெயரையே வைத்திருக்கிறது. போதாதற்குக் காலைக்கடன் கழித்தல் என்கிறோம். கடமை, பாக்கி, உடற்கழிவு ஆகிய மூன்றும் அந்த ஒரு தொடரில் சந்திக்கின்றன. டிஸ்சார்ஜ் என்ற சொல்லின் மூன்று பெரும் கிளைகளும் அவையேதான். ஒரு நல்ல அகராதிக்காரர் இந்த ஒற்றுமையைக் கண்டால் துள்ளிக் குதித்திருப்பார். கழித்தல் என்ற வினையே செயலியின் பட்டியலில் இல்லை.

வேலையிலிருந்து அனுப்புவதற்குச் செயலி ‘பணி நீக்கம்’ என்கிறது. தொழிலாளர் சட்டங்களில் தண்டனையாக அனுப்புவதற்கும் தண்டனையின்றி ஒப்பந்தத்தை முடித்து அனுப்புவதற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. டிஸ்சார்ஜ் பொதுவாக இரண்டாவதைக் குறிக்கும். இந்தியாவின் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் இரண்டையும் அடுத்தடுத்து எழுதியதற்குக் காரணம் அதுவே. பணி நீக்கம் என்ற தமிழ்த் தொடர் கேட்டவுடனே குற்றத்தை நினைவூட்டுகிறது. ‘பணிமுடிவு’ என்றோ ‘பணியிலிருந்து அனுப்புதல்’ என்றோ எழுதுவதே நேர்மையானது என்பது என் கருத்து.

மின்சாரத்துக்கு வரும்போது செயலியைப் பாராட்டியே ஆக வேண்டும். ‘மின்னிறக்கம்’ என்ற சொல்லைச் சரியாகத் தந்திருக்கிறது. பள்ளிப் பாடநூல்களில் மின்னேற்றம், மின்னிறக்கம், மின்னிறக்கக் குழாய் என்று வழங்கும் சொற்குடும்பம் அது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், லெய்டன் சாடியில் மின்சாரத்தைச் சேமிக்கக் கற்றவர்கள் அதை ஒருவகைப் பாய்மமாகவே எண்ணினார்கள். பெஞ்சமின் ஃபிராங்ளினும் சாடியை நிரப்புவதையும் காலியாக்குவதையும் பாரம் ஏற்றி இறக்கும் சொற்களாலேயே விவரித்தார். தமிழ்க் கலைச்சொல்லை ஆக்கியவர்கள் அந்தப் படிமத்தை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அதைவிட வியப்பு, எந்தக் கலைச்சொல்லையும் படிக்காதவர்கள்கூட ‘போன்ல சார்ஜ் இறங்கிடுச்சு’ என்று சொல்வது. வானில் மின்னல் வெட்டுவதும், குழல் விளக்கு ஒளிர்வதும், பயன்படுத்தாமல் வைத்த மின்கலம் தானே வலுவிழப்பதும் மின்னிறக்கத்தின் வெவ்வேறு முகங்கள் என்பதை ஒரு வரியில் சேர்த்திருந்தால் மாணவர்களுக்கு உதவியிருக்கும்.

ஆற்றுநீர் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தபோது செயலி மீண்டும் கைவிட்டது. நீரியலில் டிஸ்சார்ஜ் என்பது ஓர் அளவு: ஆற்றின் ஒரு குறுக்குவெட்டை ஒரு விநாடியில் கடந்துபோகும் நீரின் கன அளவு. குறுக்குவெட்டுப் பரப்பை நீரோட்ட வேகத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். செய்தித்தாள்களில் நாம் காணும் ‘விநாடிக்கு இத்தனை கன அடி’ என்பதில் ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். அமேசான் ஆற்றின் சராசரி டிஸ்சார்ஜ் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன மீட்டர். இந்த வாக்கியத்தில் செயலியின் ‘வெளியேற்றுதல்’ என்ற சொல்லைப் போட்டால் ஆறு எதையோ கழிவாகக் கொட்டுவதாகத் தோன்றும். ‘நீரோட்ட அளவு’ என்று எழுதினால்தான் பொருள் நிற்கும். ஆலைக் கழிவுநீரைக் குறிக்கும்போது ‘வெளியேற்றம்’ சரி. அணைக்கு வரும்போது ‘நீர் திறப்பு’ என்றே எல்லோரும் எழுதுகிறார்கள், அதற்கும் செயலியில் இடமில்லை.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். கப்பல் ஆவணங்களில் வரும் ‘போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்’ சரக்கு இறக்கும் துறைமுகம்; செயலியின் ‘இறக்குதல்’ அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. துப்பாக்கிக்கு ‘சுடுதல்’ என்ற சொல் போதாது, ஏனெனில் தவறுதலாக வெடிப்பதும் டிஸ்சார்ஜ்தான். சுடுதலில் ஒருவரின் நோக்கம் ஒளிந்திருக்கிறது, வெடித்தலில் இல்லை. துணி அச்சில், ஏற்கெனவே சாயமேற்றிய துணியிலிருந்து வேதிப்பொருளால் சாயத்தை எடுத்து வடிவம் உண்டாக்கும் முறைக்கு டிஸ்சார்ஜ் பிரிண்டிங் என்று பெயர். கட்டடக் கலையில், கீழேயுள்ள உத்தரத்தின் மேல் பாரம் விழாமல் பக்கச் சுவர்களுக்குத் திருப்பிவிடும் வளைவுக்கும் இதே அடைமொழி. கடைசி இரண்டும் செயலியில் இல்லாததைக் குறையாக நான் கருதவில்லை.

செயலியின் மற்ற வசதிகளில், இணையம் இல்லாமலும் இயங்குவது பெரிய நன்மை. தேடல் வேகமாக இருக்கிறது, எழுத்துரு கண்ணை உறுத்தவில்லை. ஒலிப்பு வசதியில் ஒரு குறை உண்டு. பிரித்தானிய ஒலிப்பில் டிஸ்சார்ஜ் பெயராக வரும்போது அழுத்தம் முதல் அசையிலும் வினையாக வரும்போது இரண்டாம் அசையிலும் விழும். செயலியில் ஒரே ஒலிப்பதிவுதான். பெயரையும் வினையையும் பிரிக்காத பதிவுமுறையின் விளைவு காதுவரை வந்துவிட்டது.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்து, தமிழ்ச் சொல் மட்டும் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும் எழுத்தாளருக்கு இந்தச் செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எனக்கும் பல முறை கைகொடுத்தது. மருத்துவச் சீட்டையோ நீதிமன்ற ஆணையையோ கையில் வைத்துக்கொண்டு அதன் பொருளை முதன்முதலாக அறிய விரும்புபவருக்கு, இன்றைய நிலையில் பரிந்துரைக்க மாட்டேன். செயலியின் கருத்துப் பெட்டி வழியாக, உடல், சட்டம், மின்சாரம், நீர், கடமை என்று ஐந்து குறிகளையும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். முதல் வாக்கியமாக நான் எழுதியது, ‘காயம் நன்றாக இருக்கிறது, கசிவு ஏதும் இல்லை’ என்பது.